நரம்பு நோயிலிருந்து மீண்ட பெண் குதிரை: சினைக்கு விடலாமா?

2025 நவம்பர் மாதம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள வேக்கோ நகரில் குதிரைப் போட்டி ஒன்று நடந்தது. போட்டி முடிந்து குதிரைகள் ஊர் திரும்பியபின் காய்ச்சல், பின்னங்கால் தள்ளாட்டம் என்று அடுத்தடுத்துச் செய்தி வந்தது. காரணம் குதிரை ஹெர்பிஸ் வைரஸ் வகை 1. இதே வைரஸ் 2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியா நகரில் நடந்த போட்டியில் பரவி, ஐரோப்பாவில் 18 குதிரைகள் இறந்தன. பல நாடுகளில் சர்வதேசப் போட்டிகள் வாரக்கணக்கில் நிறுத்தப்பட்டன.

இறந்த குதிரைகளைப் பற்றியே செய்திகள் பேசின. பிழைத்த குதிரைகளும் நிறைய உண்டு. அவற்றில் நல்ல வம்சாவளிப் பெண் குதிரை வைத்திருப்பவர் சில மாதம் கழித்துக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதை இனிச் சினைக்கு விடலாமா?"

இந்தக் கேள்வி நம் ஊரிலும் இருக்கிறது. ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி உட்படப் பல இனக் குதிரைகள் வருகின்றன. அங்கே வாங்கிய பெண் குதிரையை வீட்டில் கட்டி, குட்டி எடுத்து விற்கும் விவசாயிகள் உண்டு. அந்தக் குதிரை ஒருமுறை கால் தள்ளாடிப் படுத்து, சிகிச்சையில் எழுந்தால், அதுவரை போட்ட பணத்தைக் குட்டி மூலம் எடுத்துவிடலாம் என்று மனம் கணக்குப் போடும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் குதிரைகள் 3.4 லட்சம்தான், 2012-ஐ விட 45.6 சதவீதம் குறைவு. நல்ல பெண் குதிரை கிடைப்பது அரிதாகும்போது இந்த ஆசை இன்னும் கூடும்.

"குணமாகிவிட்டது" என்ற ஒரு சொல்லை வைத்து இந்த முடிவை எடுக்கக் கூடாது. வந்த நோயின் பெயர் என்ன, அது உடலில் என்ன மிச்சம் வைத்துவிட்டுப் போயிருக்கிறது என்ற இரண்டையும் வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

முதலில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஒன்று: இந்த நோய் தாயிடமிருந்து குட்டிக்குப் பரம்பரையாக இறங்குமா?

இரண்டு: நோய்க் கிருமி இன்னும் தாயின் உடலில் ஒளிந்திருக்கிறதா? இருந்தால் கருவுக்கோ, லாயத்தில் உள்ள மற்ற குதிரைகளுக்கோ ஆபத்து உண்டா?

மூன்று: 11 மாதச் சினையையும் பிரசவத்தையும் தாங்கும் அளவுக்குத் தாயின் கால்கள் உறுதியாக இருக்கின்றனவா?

மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் சேர்க்கலாம். ஒன்றில் சந்தேகம் இருந்தால் காத்திருக்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்பது பதிலானால், மற்ற இரண்டும் சாதகமாக இருந்தாலும் சேர்க்கக் கூடாது.

நோயின் பெயர் தெரியாமல் முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லவே முடியாது. "நரம்புத் தளர்ச்சி", "வாதம்", "காற்று பிடித்தது" என்று சொல்வதெல்லாம் அறிகுறி. நோயின் பெயர் அல்ல. சிகிச்சை தந்த கால்நடை மருத்துவரிடம் சீட்டு, இரத்தப் பரிசோதனை முடிவு, போட்ட ஊசிகளின் பெயர் ஆகியவற்றை வாங்கி வையுங்கள். மாட்டுக்குக் காப்பீட்டு அட்டை வைப்பது போல இதையும் பத்திரமாக வைக்க வேண்டும்.

நோய் வாரியாகப் பார்ப்போம்

சர்ரா: நம் பகுதியில் குதிரை மெலிந்து, விட்டு விட்டுக் காய்ச்சல் வந்து, வயிற்றின் அடிப்பகுதியும் கால்களும் வீங்கி, பின்னங்கால் தள்ளாடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சர்ராவைத்தான். டிரிப்பனோசோமா என்ற இரத்த ஒட்டுண்ணியை, கடித்து இரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் ஒரு கால்நடையிலிருந்து இன்னொன்றுக்குப் பரப்புகின்றன. குதிரைக்கு இது கடுமையாக வரும். மாடு, எருமையில் வெளியே தெரியாமலும் இருக்கலாம். ஆகவே ஒரே கொட்டகையில் மாடும் குதிரையும் கட்டுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

சர்ராவில் முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. வழக்கமாகப் போடும் குயினாபிரமின் ஊசி இரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணியை அழிக்கும். ஆனால் மூளைக்குள்ளும் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீருக்குள்ளும் போதுமான அளவு செல்லாது. நரம்பு அறிகுறி வரை போன குதிரையில் ஒட்டுண்ணி அங்கே பதுங்கியிருந்து, சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டும் இரத்தத்துக்கு வரலாம். அந்த நேரத்தில் குதிரை சினையாக இருந்தால் கருச்சிதைவு ஏற்படக்கூடும்; தாயும் மிஞ்சாமல் போகலாம்.

எனவே சர்ரா வந்த பெண் குதிரைக்கு ஒருமுறை எடுத்த இரத்தப் பூச்சுப் பரிசோதனையில் "இல்லை" என்று வந்தால் போதாது. சில வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் பரிசோதித்து, முடிந்தால் பிசிஆர் பரிசோதனையும் செய்து, உடல் எடை பழைய நிலைக்கு வந்தபிறகே சினைக்கு விடுவதை யோசிக்க வேண்டும். கண் இமையின் உட்புறம் வெளிறியிருந்தால் இரத்தசோகை இன்னும் தீரவில்லை என்று பொருள்.

ஹெர்பிஸ் வைரஸ்: வெளிநாட்டுச் செய்திகளில் அடிபட்ட இந்த வைரஸ் இந்தியாவிலும் உண்டு. காய்ச்சலும் சளியும் இதன் ஒரு முகம். சினையின் பிற்பகுதியில் கருச்சிதைவு இன்னொரு முகம். சில குதிரைகளில் தண்டுவடத்தின் சிறு இரத்தக் குழாய்களைக் கெடுத்து, பின்னங்கால் தள்ளாட்டம், வால் தொங்கல், சிறுநீர் சொட்டுதல் ஆகியவற்றை உண்டாக்குவது மூன்றாவது முகம்.

இதைப் புரிந்துகொள்ளச் சின்னம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னம்மை வந்து போனவருக்குப் பல வருடம் கழித்து, உடல் தளர்ந்த நேரத்தில் அதே கிருமி அக்கியாக வெளியே வரும். குதிரை ஹெர்பிஸும் அப்படித்தான். நோய் தீர்ந்தாலும் வைரஸ் உடலில் உறங்கிக் கிடக்கும். நீண்ட பயணம், இடமாற்றம், வேறு நோய், பிரசவம் போன்ற அழுத்தம் வரும்போது விழித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் அந்தக் குதிரையைச் சினைக்கே விடக் கூடாதா? அப்படிச் சொல்ல முடியாது. வெளியே ஆரோக்கியமாகத் தெரியும் பல குதிரைகளிலும் இந்த வைரஸ் உறங்கிக் கிடக்கிறது. ஒருமுறை நரம்பு வடிவில் வந்தது என்பதற்காக மட்டும் ஆயுள் தடை போடத் தேவையில்லை. இது பரம்பரையாக இறங்கும் குறைபாடும் அல்ல. கால் உறுதி முழுதாகத் திரும்பியிருந்தால் சேர்க்கலாம். சினைக்காலத்தில் சந்தைக்கோ ஊர்வலத்துக்கோ ஓட்டிச் செல்லாமல், கூட்டத்தில் கலக்காமல் வைத்திருக்க வேண்டும். செயலிழந்த வைரஸ் தடுப்பூசியைச் சினையின் 5, 7, 9-ம் மாதங்களில் போடுவது வழக்கம். ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் உள்நாட்டிலேயே இதற்குத் தடுப்பூசி உருவாக்கியிருக்கிறது. கிடைக்குமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தடுப்பூசி கருச்சிதைவு அபாயத்தைக் குறைக்கும். நரம்பு வடிவ நோய் வரவே வராது என்று அதை நம்பி இருக்கக் கூடாது.

ரணஜன்னி எனும் டெட்டனஸ்: ஆணி குத்திய குளம்பு, லாடக் காயம் வழியாக வரும். உடல் விறைத்து, வாய் திறக்க முடியாமல், மூன்றாவது இமை கண்ணை மூடும். இதிலிருந்து பிழைத்து, விறைப்பு முழுதாகத் தளர்ந்து, நன்றாக மேயும் குதிரையைச் சினைக்கு விடத் தடை இல்லை. ஆனால் "ஒருமுறை வந்ததால் இனி வராது" என்ற எண்ணம் தவறு. நோயை உண்டாக்கும் நச்சின் அளவு மிகக் குறைவு என்பதால், நோய் வந்து போனாலும் எதிர்ப்புச் சக்தி உருவாவதில்லை. தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். குட்டி போடுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு ஊக்க ஊசி போட்டால், சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு கிடைக்கும்.

கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல்: ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் குதிரையையும் தாக்கும். பாதிக்கப்பட்ட குதிரையிலிருந்து கொசு வழியாக மற்ற குதிரைக்கோ மனிதருக்கோ நோய் பரவுவதில்லை. பிழைத்த குதிரையின் நடையும் புத்தியும் சீராக இருக்கின்றனவா என்பதே இங்கு கேள்வி. நரம்புத் திசு மெதுவாகவே ஆறும். ஓர் ஆண்டு வரைகூட முன்னேற்றம் தெரியலாம். அவசரப்பட்டு அடுத்த பருவத்திலேயே சேர்க்க வேண்டாம்.

கழுத்தெலும்பு நெருக்கம்: வேகமாக வளரும் இளம் குதிரையில் கழுத்தெலும்புகள் தண்டுவடத்தை நெருக்கி, நான்கு காலும் தள்ளாடும். பின்னங்காலில்தான் அதிகமாகத் தெரியும். பரம்பரை, வேகமான வளர்ச்சி, அளவுக்கு மீறிய தானியம், தாதுச் சமநிலைக் கோளாறு எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. இது கிருமியால் வருவதல்ல. மருந்தால் முற்றும் மறைவதும் அல்ல. இந்த நோய் உறுதியான குதிரையைச் சினைக்கு விட வேண்டாம் என்பதே என் கருத்து.

பிறவி நரம்புக் குறைபாடுகள்: அரபு இனத்தில் சிறுமூளை அழியும் பிறவி நோய் ஒன்று உண்டு. குட்டி பிறந்த சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் தலை நடுங்கும். கால் எட்டு தாறுமாறாகும். ஆணும் பெண்ணும் வெளியே நன்றாக இருந்தாலும், இரண்டிலும் குறையுள்ள மரபணு இருந்தால் குட்டிக்கு வரும். மரபணுப் பரிசோதனையால் இதைக் கண்டுபிடிக்கலாம். உங்கள் குதிரை இப்படி ஒரு குட்டி போட்டிருந்தால், அதே ஆண் குதிரையுடன் மறுபடி சேர்க்கவே கூடாது.

வைட்டமின் இ குறைவால் வரும் நரம்புச் சிதைவும் இருக்கிறது. பரம்பரையாக இதற்கு எளிதில் ஆளாகும் குட்டி, வைட்டமின் இ போதாமல் வளரும்போது வருகிறது. பச்சைப் புல்லில் இந்த வைட்டமின் நிறைய உண்டு. காய்ந்த வைக்கோலில் மிகக் குறைவு. சினைக் குதிரைக்கு வைக்கோலும் தவிடும் மட்டும் போடும் பழக்கத்தை விட வேண்டும். அருகம்புல், குதிரைமசால் நல்லவை. கம்பு நேப்பியர் புல்லை மட்டுமே தினமும் கொடுத்தால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். குதிரைமசாலுடன் கலந்து கொடுங்கள்.

கால் உறுதியைப் பார்ப்பது எப்படி?

பழகிய ஆள் கயிற்றைப் பிடிக்க, மருத்துவர் முன்னிலையில் பாருங்கள். சறுக்காத மண் தரையில் நேராக நடத்துங்கள். பிறகு சிறு வட்டத்தில் இரு பக்கமும் திருப்புங்கள். பின்னங்கால் வெளியே வீசுகிறதா, ஒரு காலை இன்னொரு கால் மிதிக்கிறதா என்று கவனியுங்கள். பின்னோக்கி நடத்துங்கள். தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து மேட்டிலும் சரிவிலும் நடத்துங்கள். நடக்கும்போதே மருத்துவர் வாலைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்ப்பார். உறுதியான குதிரை எதிர்த்து நிற்கும், பலவீனமானது சாயும். கடைசியாக, படுத்து எழுவதைத் தூரத்திலிருந்து பாருங்கள். ஒரே முயற்சியில் எழ வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? குட்டியின் எடை மட்டுமே தாயின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 350 கிலோ குதிரைக்கு 35 கிலோ குட்டி. அதோடு நஞ்சுக்கொடி, கருப்பை நீர். இந்தச் சுமையில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் கூடுகிறது. சும்மா நிற்கும்போது சமாளித்த பின்னங்கால், ஒன்பதாம் மாதத்தில் மடங்கிவிடலாம். இணை சேரும்போதே ஆண் குதிரையின் எடை பின்புறம் விழும். பெண் குதிரை சரிந்தால் இரண்டு குதிரைக்கும், கயிறு பிடித்தவருக்கும் காயம்.

பிரசவமும் மாட்டுக்கு நடப்பது போல் மெதுவாக நடக்காது. பனிக்குடம் உடைந்தால் 20 முதல் 30 நிமிடத்தில் குட்டி வெளியே வர வேண்டும். பெரும்பாலும் இரவில்தான் போடும். தாய் எழ முடியாமல் கிடந்தாலோ, தடுமாறி விழுந்தாலோ குட்டி மிதிபடும். சீம்பாலும் நேரத்துக்குக் கிடைக்காது.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியவை

பழைய நரம்பு நோயை விற்பவர் சொல்லாமல் இருக்கலாம். உடல் சொல்லிவிடும். பின் குளம்பின் முன்முனை மட்டும் தேய்ந்திருந்தால் காலை இழுத்து நடக்கிறது என்று பொருள். பின் தொடையின் உட்புறம் முடி உதிர்ந்து தோல் வெந்தது போல் இருந்தால் சிறுநீர் சொட்டியிருக்கலாம். வால் தளர்ந்து தொங்குவது, பின்பகுதிச் சதை ஒரு பக்கம் மட்டும் குறைந்திருப்பது, நிற்கும்போது காலை அகட்டி வைப்பது ஆகியவையும் எச்சரிக்கை. இந்த அறிகுறி இருக்கும் குதிரையை "குட்டிக்காக மட்டும் வாங்குகிறேன்" என்று மலிவாக வாங்கினால், மேலே சொன்ன அத்தனை ஆபத்தையும் விலை கொடுத்து வாங்குகிறீர்கள்.

சந்தையிலிருந்து வந்த எந்தக் குதிரையையும் குறைந்தது 21 நாள், முடிந்தால் 28 நாள், மற்ற குதிரைகளிடமிருந்து தள்ளிக் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டி, வாளி, தேய்க்கும் பிரஷ் எல்லாம் தனியாக இருக்கட்டும். தினமும் இருவேளை உடல் வெப்பம் பாருங்கள். 101.5 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் போனால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். நரம்பு அறிகுறியுடன் எச்சில் வடித்தால், வெறிநோய் இல்லை என்று உறுதியாகும் வரை வாயில் கை விடாதீர்கள்.

சேர்ப்பது என்று முடிவானால்

1. சிகிச்சை முழுவதும் முடிந்த பிறகே சேருங்கள். நரம்பு நோய்க்குத் தரும் சில மருந்துகள் கருவைப் பாதிக்கும்.

2. ஆண் குதிரை உரிமையாளரிடம் நோய் வரலாற்றை மறைக்காதீர்கள். அவருடைய குதிரைக்கும் ஆபத்து இருக்கிறது.

3. சினை உறுதியானதும் தனிக் கொட்டகை, சறுக்காத மண் தரை, பச்சைத் தீவனம். சவாரி, ஊர்வலம், சந்தை வேண்டாம். ஈ, கொசு கட்டுப்பாடு கட்டாயம்.

4. மாதம் ஒருமுறை நடையைப் பார்த்துக் குறித்து வையுங்கள். கைபேசியில் எடுத்த காணொளி இருந்தால் மருத்துவருக்கு ஒப்பிட எளிது.

5. பத்தாம் மாதத்திலிருந்து இரவுக் காவல். பிறந்த குட்டி 1 மணி நேரத்தில் எழ வேண்டும். 2 மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். 3 மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். ஒன்று தாமதித்தாலும் மருத்துவரை அழையுங்கள். அவசர ஊர்திக்கு 1962.

6. கருச்சிதைவு ஆனால் கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், நாய்க்குப் போடாதீர்கள். மருத்துவர் மாதிரி எடுத்தபின் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். மற்ற சினைக் குதிரைகளைத் தள்ளிக் கட்டுங்கள்.

7. குட்டி போட்ட 7 முதல் 10 நாளில் வரும் முதல் பருவத்திலேயே மறுபடி சேர்க்க வேண்டாம். உடல் தேறட்டும்.

வேண்டாம் என்று முடிவானால்

11 மாதச் சினை, பிறகு சுமார் 6 மாதம் பால். ஆக 17 மாதம் தீவனம் போட்ட பிறகே குட்டியை விற்க முடியும். கால் உறுதியில்லாத குதிரையில் இந்த 17 மாதத்தின் எந்த நாளிலும் தாய், குட்டி இரண்டும் போகலாம். அந்தத் தீவனச் செலவைச் சேர்த்து வைத்தால், ஆரோக்கியமான இன்னொரு பெண் குதிரைக்கு முன்பணம் ஆகும்.

"வம்சாவளி போய்விடுமே" என்ற கவலைக்கு வருங்காலத்தில் ஒரு வழி உண்டு. 2023 மே மாதம் தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்தின் பிகானேர் வளாகத்தில், கருமாற்று முறையில் வாடகைத் தாய்க் குதிரைக்கு 'ராஜ்-பிரதம்' என்ற மார்வாரிக் குட்டி பிறந்தது. நல்ல இனப் பெண் குதிரை தானே சுமக்காமல் குட்டி எடுக்கும் முறை இது. கிராமத்து விவசாயிக்கு இன்றைக்குக் கைக்கெட்டும் வசதி இது அல்ல. பரம்பரை நோய் உள்ள குதிரைக்கு இதுவும் உதவாது. சுமப்பது வேறு தாயானாலும் மரபணு பழையதுதான்.

முடிவெடுக்கும் முன் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகுங்கள். இரத்த மாதிரியை மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்ப அவர்கள் வழி செய்வார்கள். நடையைப் பரிசோதிக்கவும் ஸ்கேன் பார்க்கவும் நாமக்கல் உள்ளிட்ட கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சை வளாகங்கள் இருக்கின்றன. போகும்போது பழைய மருந்துச் சீட்டும், குதிரை நடக்கும் காணொளியும் கையில் இருக்கட்டும். ஆடிச் சந்தைக்கு இன்னொரு பெண் குதிரை பார்க்கப் போகிறவர்கள், கழுத்து அழகையும் காது வளைவையும் பார்ப்பதற்கு முன் பின் குளம்பைத் தூக்கிப் பாருங்கள்.